பழைய எஃப்-150: 4.11 கிரவுன் பினியனை மாற்றினால் மைலேஜ் ஏறுமா?

பழைய ஃபோர்டு (ஹூஸ்டன்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1984 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கிறது. 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதாவது 4.9 லிட்டர். ஒற்றைக்குழல் கார்பரேட்டர், என்பி435 நான்கு கியர் பெட்டி. ஓட்டம் பின்சக்கரங்களுக்கு மட்டும். டயர் 235/75ஆர்15.

வாரா வாரம் ஐ-10 இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை வழியாக இங்கே டெக்சஸிலேயே இருக்கும் கொலம்பஸ் பக்கம் ஒரு நண்பரின் நிலத்துக்குப் போய் வருகிறேன். முருங்கை, வெண்டை, கத்திரி போட்டிருக்கிறோம். போக வர 150 மைல். சில வாரம் பின்னால் சிறிய டிரெய்லரில் எரு இருக்கும். மற்ற நாள்களில் வேலைக்கும் இதே வண்டிதான்.

65 மைல் வேகத்தில் எஞ்சின் கதறுகிறது. இன்னொரு கியர் இருக்கிறதோ என்று கை தானாகவே கம்பியைத் தேடும், ஆனால் இல்லை. ஐந்து டேங்க் சராசரி கேலனுக்கு 12.8 மைல். பின்னால் இருப்பது 9 அங்குல டிஃபரன்ஷியல் (படம் இணைத்திருக்கிறேன்). ஷாஃப்டின் சுற்றைப் பின்சக்கரங்களுக்குக் கொடுக்கும் பெட்டி அது; உள்ளே பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன். பெட்டியின் போல்ட்டில் மாட்டியிருந்த தகரச் சீட்டைத் துடைத்துப் பார்த்தால் 4.11 என்று இருக்கிறது, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று. வைக்கோல் கட்டு இழுப்பதற்காக வாங்கிய வண்டி என்று விற்றவர் சொன்னார்.

3.50 அல்லது 3.00 விகிதம் போட்டால் மைலேஜ் ஏறுமா? எஞ்சினுக்குக் கெடுதல் உண்டா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பல்சக்கரம் (மிச்சிகன்)

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், தம்பி. மணிக்கு இத்தனை மைல் என்பதை டிஃபரன்ஷியல் விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 336 எங்கிருந்து வருகிறது என்றால், ஒரு மைலுக்கு 63,360 அங்குலம். அதை 60 நிமிடத்தால் வகுத்து, பை மதிப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் டயர் விட்டம் 28.9 அங்குலம். என்பி435-இல் நான்காம் கியர் ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் 65 மைல் வேகத்தில் இப்போது சுமார் 3,100 சுற்று ஓடுகிறது. 3.50 போட்டால் 2,645. 3.25 என்றால் 2,455. 3.00 என்றால் 2,270.

இந்த வண்டி பிறந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974-இல் நாடு முழுவதற்கும் 55 மைல் வேக வரம்பு வந்தது. 1987-இல்தான் ஊர்ப்புற இன்டர்ஸ்டேட்டில் 65 வரை போகவிட்டார்கள். மொத்தமாக நீக்கியது 1995-இல். 55-இல் உங்கள் 4.11 சுற்றுவது 2,630. வைக்கோல் இழுக்கிறவருக்கு அது சரியான தேர்வு, அவர் மேல் தவறில்லை. இன்று அதே சாலையில் 75-இல் போகிற வண்டிகளோடு நீங்கள் ஓட வேண்டியிருப்பதால்தான் பிரச்சினையே.

எஞ்சினைப் பற்றிக் கவலை வேண்டாம். 300 எஞ்சினில் கிராங்குக்கு ஏழு மெயின் பேரிங். டைமிங்குக்குச் செயின் கிடையாது, பல்சக்கரம்தான். யுபிஎஸ் பார்சல் நிறுவனம் தன் வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய எஞ்சின் இது. குறைந்த சுற்றில் இழுப்பதுதான் இதன் பிறவிக் குணம். 3,100 சுற்றில் ஓட்டுவதுதான் அதன் இயல்புக்கு மாறானது.

கணக்குப்பிள்ளை (டல்லஸ்)

மைலேஜ் ஏறும் என்பது சரி. பணம் திரும்பி வருமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆண்டுக்கு 8,000 மைல் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12.8-இல் 625 கேலன். அது 15-க்கு ஏறினால் 533 கேலன். மிச்சம் 92 கேலன். கேலன் 3 டாலர் என்றால் ஆண்டுக்கு 276 டாலர். என் வண்டிக்குப் புது கிரவுன் பினியன், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பட்டறையில் 1,100 டாலர் கேட்டார்கள். அதை எடுக்கவே நான்கு ஆண்டு ஆகும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 70-இல் போகிறவர் 60-க்கு இறங்கினால் அந்த விசை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். பிக்கப்பின் முகம் பெட்டி மாதிரி இருப்பதால் இதன் பலன் இன்னும் நன்றாகவே தெரியும்.

பழைய ஃபோர்டு

நான் இப்போதே 62, 65-க்கு மேல் போவதில்லை அண்ணா. எஞ்சின் சத்தமே போகவிடாது. அதனால் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க அதிகம் இடமில்லை. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒன்றரை மணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் காது அடைத்துவிடுகிறது. அதற்கும் ஒரு விலை உண்டு.

நாமக்கல் பட்டறை (நாமக்கல்)

தம்பி, எனக்கு அமெரிக்க வண்டி பழக்கமில்லை. ஆனால் 27 வருடமாக லாரி டிஃபரன்ஷியல் இறக்கி ஏற்றுகிறேன். கிரவுன் பினியன் எந்த ஊரிலும் ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பல் எண்ணித்தான் பேசுவோம். 4.11 என்றால் கிரவுனில் 37, பினியனில் 9. தகரச் சீட்டை முழுதாக நம்பாதீர்கள். நாற்பது வருட வண்டியில் யாராவது கழற்றி வேறு மாட்டியிருப்பார்கள். ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க, மற்றதை ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொபெல்லர் ஷாஃப்ட் நாலு சுற்றும் கொஞ்சமும் சுற்றினால் 4.11. லாக் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இந்தக் கணக்கு.

அடுத்தது, கிரவுன் பினியன் எப்போதும் ஜோடி. ஒன்றாகத் தேய்த்துப் பொருத்தியவை. ஒரு ஜோடியின் கிரவுனை இன்னொரு ஜோடியின் பினியனோடு சேர்த்தால் நூறு மைலில் ஊளை ஆரம்பித்துவிடும். புதிதாகப் பொருத்துவதாக இருந்தால் பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பல் இடைவெளி மூன்றும் சரியாக வர வேண்டும். பல்லில் மஞ்சள் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்து, அச்சு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பார்கள். அச்சு ஓரத்தில் விழுந்தால் மறுபடி கழற்ற வேண்டும். அவசரப்படுகிறவனிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் டிஃபரன்ஷியல் படத்தைப் பார்த்தேன். கிரவுன் பினியன் இருக்கும் மொத்தத் தலையும் முன்பக்கமாகக் கழன்று வருகிற மாதிரி தெரிகிறதே. அப்படியென்றால் பழைய இரும்புக் கிடங்கில் வேறு விகிதத்தில் நல்ல தலை கிடைத்தால் அப்படியே தூக்கி மாட்டிவிடலாமே. செட்டிங் வேலையே வராது.

பல்சக்கரம்

நாமக்கல் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. ஃபோர்டின் 9 அங்குல டிஃபரன்ஷியலை ஆளுக்கு ஆள் தேடி எடுப்பதற்குக் காரணமே அதுதான். இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டையும் உருவி, புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, சுற்றியிருக்கும் நட்டுகளை எடுத்தால் தலை கையில் வந்துவிடும். எஃப்-150-இல் இது 1986 வரைதான் வந்தது. அதே காலத்தில் 8.8 அங்குலமும் போட்டார்கள். 8.8-இல் இந்த வசதி இல்லை, ஹவுசிங்குக்குள்ளேயே (வெளிக்கூட்டுக்குள்ளேயே) எல்லாவற்றையும் செட் பண்ண வேண்டும்.

வாங்கும்போது இரண்டு பொருத்தம் பாருங்கள். ஆக்ஸில் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையில் இருக்கும் வரிப் பற்கள்) 28-ஆ 31-ஆ என்று எண்ணுங்கள், உங்களுடையதோடு ஒத்திருக்க வேண்டும். பினியன் முனையில் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் கவையான யோக்கின் அளவும் உங்கள் சிலுவை ஜாயிண்டோடு ஒத்திருக்க வேண்டும்.

ஒரு சின்னச் சேதி, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 3.00 என்பது 39-க்கு 13. மூன்று முறை சரியாக அடங்கிவிடுவதால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரவுனின் அதே மூன்று பல்லைத்தான் சந்திக்கும். அதனால் அந்த ஜோடியில் தொழிற்சாலையிலேயே குறி போட்டிருப்பார்கள், குறியைச் சேர்த்துத்தான் பொருத்த வேண்டும். 37-க்கு 9-இல் அந்தக் கட்டாயம் இல்லை, எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் மாறி மாறிச் சேரும்.

மலைப்பாதை (ஆஷ்வில்)

நான் எதிர்த்திசையிலிருந்து வருகிறேன். என்னுடையது 1979 எஃப்-150, 302 வி8, சி6 ஆட்டோமேட்டிக். தொழிற்சாலையிலிருந்தே 3.00. சமவெளியில் தென்றல் மாதிரி போகும். ஆனால் ஐ-26-இல் சலூடா ஏற்றத்தில் பின்னால் சுமை இருந்தால் டாப்பில் நிற்காது. இரண்டாவதுக்கு இறங்கும், சத்தம் போடும், கொஞ்சம் சமமானதும் மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். மலைப் பக்கம் ஓட்டுகிற மாதங்களில் என் மைலேஜ் கேலனுக்கு 11-ஐத் தாண்டுவதில்லை.

விகித எண் குறைந்தால் மைலேஜ் உயரும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எஞ்சின் அந்த விகிதத்தை டாப் கியரில் தாங்கிப் பிடிக்கிற சாலை வேண்டும்.

பழைய ஃபோர்டு

ஹூஸ்டனிலிருந்து கொலம்பஸ் வரை தட்டையான பூமி, காற்று மட்டும்தான் எதிரி.

இன்னொரு யோசனை. கியர் பெட்டியையே மாற்றி ஐந்து கியர் எம்5ஓடி போட்டால் என்ன? அதில் ஐந்தாவது 0.80. டிஃபரன்ஷியலைத் தொடவே வேண்டாமே.

பல்சக்கரம்

4.11-ஐ 0.80-ஆல் பெருக்கினால் 3.29. அதாவது நெடுஞ்சாலையில் 3.25 தலை போட்ட மாதிரியே. எரு இழுக்கும்போது நான்காம் கியரில் 4.11 முழு இழுவையும் அப்படியே இருக்கும். யோசனை நல்லதுதான். 1988 முதல் எஃப்-150-இல் வந்த பெட்டி, உங்கள் எஞ்சினின் பின்முகத்தில் பொருந்தும். ஆனால் கிளட்ச் ஹைட்ராலிக், குறுக்குச் சட்டம், புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் மேல்மூடியில் ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவை காய்ந்து சுருங்கி ஆயில் கசிந்து, யாரும் பார்க்காமல் பெட்டி வறண்டு எரிந்துபோன கதைகள் நிறைய. உலோக அடைப்பான் மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

கியர் பெட்டிக்குப் பின்னால் தனியாக மாட்டும் கியர் வெண்டர்ஸ் ஓவர்டிரைவ் இருக்கிறது, சுற்றை 22 விழுக்காடு குறைக்கும். அதன் விலைக்கு உங்கள் மாதிரி இன்னொரு பிக்கப்பே வாங்கலாம்.

உங்கள் என்பி435-இல் முதல் கியர் 6.69. இப்போது அதைத் தொடுவதே இல்லை அல்லவா? இரண்டாவதில்தானே கிளம்புகிறீர்கள்? 4.11-இல் இரண்டாம் கியர் மொத்தம் 13.7 மடங்கு. 3.00 போட்டால் அது 10 ஆகும். சும்மா போகும்போது அதுவே போதும். எருவோடு கிளம்ப முதல் கியர் இருக்கிறது, 3.00-இலும் அது 20 மடங்கு தரும். இந்தப் பெட்டி இருக்கிறவர்தான் 3.00-ஐத் துணிந்து போடலாம். முதல் கியரின் எண் சிறிதாக இருக்கிற பெட்டியில் போட்டால் கிளட்ச் தேயும்.

கணக்குப்பிள்ளை

சுற்று 27 விழுக்காடு குறைகிறது. பெட்ரோலும் 27 விழுக்காடு குறையுமா? குறையாது என்று தெரிகிறது, ஆனால் ஏன் என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

பல்சக்கரம்

காற்றைப் பிளக்கவும் டயரை உருட்டவும் வேண்டிய சக்தி 65 மைல் வேகத்தில் அதேதான், விகிதம் எதுவானாலும். குறைவது எஞ்சின் தனக்குள்ளேயே வீணாக்குவது மட்டும்.

அதில் இரண்டு பங்கு. ஒன்று உராய்வு, சுற்று குறைந்தால் அது குறையும். இரண்டாவது மூச்சுத் திணறல். பெட்ரோல் எஞ்சின் பாதி மூடிய திராட்டில் (காற்றுக் கதவு) வழியாகக் காற்றை உறிஞ்சுகிறது. விரல் வைத்து அடைத்த ஊசிக்குழாயின் தண்டை இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். பிஸ்டன் ஒவ்வொரு உறிஞ்சலிலும் அந்த வேலையைச் செய்கிறது. அதே சக்தியைக் குறைந்த சுற்றில் எடுத்தால் திராட்டிலை அகலத் திறக்க வேண்டும், அடைப்பு தளரும், வீண் வேலை குறையும்.

ஆனால் அளவு மீறினால் தலைகீழாகிவிடும். வாக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடம்) மிகவும் விழுந்தால் எஞ்சினுக்குப் பாரம் அதிகம் என்று கார்பரேட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மலைப்பாதை நண்பருக்கு ஏற்றத்தில் நடப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஒரு வாக்குவம் மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். 10 அங்குலத்துக்குக் கீழே போகாமல் ஓட்டினால் போதும். இருபது முப்பது டாலரில் கிடைக்கும், பழைய வண்டிக்கு அதைவிட நல்ல ஆசான் இல்லை.

பழைய ஃபோர்டு (மூன்று வாரம் கழித்து)

வேலை முடிந்தது. பழைய இரும்புக் கிடங்கில் 3.00 தலை கிடைத்தது, 225 டாலர். 28 ஸ்ப்லைன், யோக்கும் பொருந்தியது. பினியன் சீல் கசிந்திருந்ததால் புது சீல் போட்டேன். பல்லெல்லாம் ஒவ்வொன்றாக விளக்கு அடித்துப் பார்த்தேன், சொட்டை இல்லை. நானும் நண்பரும் ஒரு சனி, ஒரு ஞாயிறு செலவழித்தோம். தலை 70 பவுண்டுக்கு மேல் இருக்கும், படுத்துக்கொண்டு மார்பில் ஏந்தி ஏற்றாதீர்கள், ஜாக்கி வையுங்கள். ஜிஎல்-5 80டபிள்யூ-90 ஆயில் ஊற்றினோம்.

ஓட்டம் அற்புதம். நெடுஞ்சாலையில் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறது. வாக்குவம் முன்பு 16, இப்போது 12.

ஆனால் மனசே விட்டுப்போனது. முதல் டேங்கில் 146 மைல், 13.6 கேலன். கேலனுக்கு 10.7. முன்பைவிட மோசம். எங்கே தவறு செய்தேன்? பிரேக் ஒட்டுகிறதா என்று சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டேன், இல்லை. ஸ்பீடோமீட்டர் முள்ளும் 45, 50-ஐத் தாண்டவில்லை. கேபிளில் ஏதோ சிக்கல் என்று விட்டுவிட்டேன்.

நாமக்கல் பட்டறை

தம்பி, கலங்காதீர்கள். மீட்டர் கேபிள் எங்கிருந்து வருகிறது? கியர் பெட்டியின் வாலிலிருந்துதானே? முன்பு சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றியது. இப்போது 3 சுற்றுத்தான். மீட்டருக்கு அது எப்படித் தெரியும்? வேகத்தையும் குறைத்துக் காட்டும், ஓடிய தூரத்தையும் குறைத்து எண்ணும். கேபிளில் ஒன்றுமில்லை.

கணக்குப்பிள்ளை

3-ஐ 4.11-ஆல் வகுத்தால் 0.73. மீட்டரில் 146 என்றால் உண்மையில் 200 மைல். 200-ஐ 13.6-ஆல் வகுத்தால் 14.7. உங்கள் மைலேஜ் 15 விழுக்காடு ஏறியிருக்கிறது! பட்டறைக் கூலியும் இல்லாததால் என் நான்கு ஆண்டுக் கணக்கும் இங்கே பொருந்தாது. ஆண்டுக்கு 80 கேலன் மிச்சமானால் 225 டாலர் ஒரே ஆண்டில் வந்துவிடும்.

இதே பிழைதான் பெரிய டயர் மாட்டுகிறவர்களுக்கும் நடக்கிறது. மைலேஜ் குறைந்துவிட்டது என்பார்கள், மீட்டர் குறைத்து எண்ணியிருக்கும்.

பழைய ஃபோர்டு

நாமக்கல் ஐயாவுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ஐ-10 மைல்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். 20 மைல்கல் தாண்டியபோது மீட்டர் 14.6 காட்டியது. அச்சு அசலாக 0.73.

கியர் பெட்டியில் கேபிள் முனையில் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், 21 பல். 16 பல் சக்கரம் வாங்கி மாட்டினேன். இப்போது 4 விழுக்காடு மட்டும் குறைத்துக் காட்டுகிறது, உண்மை 65-இல் முள் 62 சொல்லும். அதைச் சீட்டு எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிட்டேன். இல்லாவிட்டால் என் மகன் ஓட்டும்போது வேக வரம்பைத் தாண்டிவிடுவான்.

அடுத்த மூன்று டேங்க், மைல்கல் வைத்துத் திருத்திய கணக்கு: சும்மா போய் வந்தது 14.4. 60-இலேயே பிடித்து ஓட்டியது 16. எரு டிரெய்லரோடு 12.1, டிரெய்லருக்கு 4.11-இல் எவ்வளவு வந்தது என்று நான் அளந்ததில்லை. மூன்றுக்கும் ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் முதல் முறை தானாக நின்றதும் நிரப்புவதை நிறுத்தினேன்.

ஊருக்குள் மாற்றமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 40 மைலில் நான்காம் கியர் போட்டால் 1,400 சுற்றுதான், வண்டி திணறுகிறது. 45 வரை மூன்றாவதிலேயே ஓட்டுகிறேன். தினமும் சிக்னல் சிக்னலாக நிற்கிறவர் இந்த வேலையை மைலேஜுக்காகச் செய்ய வேண்டியதில்லை.

வயல்காரன் (கான்சஸ்)

என்னுடையது நான்கு சக்கர ஓட்டம், அதே 1984. இதையே செய்யலாமா?

பல்சக்கரம்

முன் ஆக்ஸிலும் அதே விகிதத்துக்கு மாற வேண்டும். பின்னால் 3.00, முன்னால் 4.11 என்று வைத்துக்கொண்டு நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடித்து இழுத்து எதையாவது உடைத்துவிடும். முன் ஆக்ஸிலையும் கழற்றி வேலை செய்ய வேண்டும். செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகும். உங்களுக்கு ஐந்து கியர் பெட்டி அல்லது மெதுவான வேகம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தொடமாட்டேன்.

மலைப்பாதை

ஹூஸ்டன் நண்பரே, கழற்றிய 4.11 தலையை என்ன செய்தீர்கள்?

பழைய ஃபோர்டு

ஆயில் தடவி, சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். 37-க்கு 9, 28 ஸ்ப்லைன், ஊளை கிடையாது. நாமக்கல் ஐயா சொன்னபடி சக்கரத்தைச் சுற்றியும் எண்ணிவிட்டேன், சீட்டு பொய் சொல்லவில்லை.

மலைப்பாதை

என்னுடையது எத்தனை ஸ்ப்லைன் என்று இந்தச் சனிக்கிழமை ஷாஃப்டை உருவிப் பார்க்கிறேன். 28 என்றால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். சலூடா ஏற்றத்துக்கு அது வேண்டும்.

பழைய ஃபோர்டு

எடுத்து வைக்கிறேன். 16 பல் மீட்டர் சக்கரத்துக்குப் பதிலாகக் கழற்றிய 21 பல் சக்கரமும் இருக்கிறது, உங்கள் சி6-இல் பொருந்துகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டும், மைலேஜ் ஏறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்.